முகம் பார்த்து வாசித்தவர்

நான்கு இருபதுக்குத் தண்ணீரின் நிறம் மாறியது. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். அன்று எங்களோடு வேனில் வந்த எல்லாருடைய கைக்கடிகாரங்களும் என்னிடம்தான் இருந்தன. சளி பிடித்திருந்ததால் நான் குளிக்கவில்லை. ஐந்தருவியில் ஆண்கள் பக்கத்துக் கம்பிக்கு வெளியே, துணிப்பை ஒன்றில் கடிகாரங்களையும் செல்பேசிகளையும் கண்ணாடிகளையும் வைத்துக்கொண்டு ஈரம் படாமல் நின்றேன். என் மனைவியும் ஒன்பது வயது மகளும் பெண்கள் பக்கம் போயிருந்தார்கள். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் ஓர் ஓரத்தில் டீ நிறமாயிற்று. விசில் ஊதினார்கள். அதற்குள் அருவியின் சத்தமே வேறாகிவிட்டது.

ஓடினேன். பெண்கள் பக்கத்துக் கம்பிக்கு அப்பால் ஆண்களை விடமாட்டார்கள். அந்த நேரத்தில்கூட என் கால் அந்தக் கம்பியடியில் நின்றுவிட்டது. அங்கிருந்து பார்த்தேன். காக்கி உடுப்பு முழுக்க நனைந்த ஒரு பெண் போலீஸ், என் மகளைச் சடையைப் பிடித்துப் பாறைமேல் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் வந்தது கோபம். என் பிள்ளையை இப்படியா இழுப்பது என்று கத்தினேன். அப்புறம்தான் அவருடைய இன்னொரு கையைப் பார்த்தேன். அது வெறுமையாக, விரல்கள் விரிந்தபடி, தண்ணீரின் பக்கம் நீண்டிருந்தது. அந்தக் கை ஏன் அப்படி இருந்தது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரும் அவரை ஏட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை நான் எழுதவில்லை. அவரும் தன் புத்தகத்தில் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. ஏட்டம்மா இப்போது இல்லை.

தென்காசியில் ரதவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்குச் சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் கொடை நோட்டீஸ், எப்போதாவது யாராவது ஒருவரின் கவிதைத் தொகுப்பு. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் பிழைதிருத்தமும் நானே. அருவியில் அது நடந்து பல வருடங்கள் கழித்து, ஒரு மாசி வெயிலில், ரெக்சின் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏட்டம்மா உள்ளே வந்தார். பருத்த உடம்பு, நரைத்த தலை, சேலை. ஆனால் நிற்கிற நிலை மாறவில்லை. கால்களை அகற்றி, வழுக்குப் பாறையில் நிற்பதுபோலவே நின்றார்.

“தம்பி, இங்கன புத்தகம் அடிப்பியளா?”

நான் எழுந்துவிட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“நீரு பையத் தூக்கிட்டு நின்ன ஆளுல்லா? மக எப்படி இருக்கா? சடை எம்புட்டு நீளம்?”

“கோயம்புத்தூர்ல வேலை பாக்கா. முடிய வெட்டிட்டா ஏட்டம்மா,” என்றேன்.

“வெட்டட்டும். அவ தலை, அவ முடி,” என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தன் வேலைக்காலத்தைப் புத்தகமாக எழுதியிருந்தார். அருவிகளில் பெண்கள் பக்கம் காவல் நின்ற வருடங்கள்தான் முக்கால்வாசி. ‘பெண்கள் பகுதி’ என்று தலைப்பும் வைத்திருந்தார். அங்கே கம்பியில் தொங்கும் பலகையில் எழுதியிருப்பது அதுதானே என்றார். வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் காவல் நிலையத்தில் எழுதிய வாக்குமூலம்போல இருந்தது. ‘மேற்படி பெண் மேற்படி இடத்தில் வழுக்கி விழுந்து மேற்படி சோப்புடப்பாவைத் தேடினாள்.’

“ஏட்டம்மா, இந்த மேற்படிய எடுத்துருவோமா?”

“எடுத்துட்டா ஆள எப்படிச் சொல்லுதது? பேரும் போடக்கூடாது, மேற்படியும் கூடாதுன்னா?”

“அந்தப் பொண்ணு, அந்த அம்மா, இப்படிச் சொல்லலாம்லா.”

“அப்படிச் சொன்னா பக்கத்து வீட்டுக்காரியப் பத்திப் புறணி பேசுத மாதிரில்லா இருக்கு?” என்றார். ஆனால் மறுநாள் வந்தபோது பாதி மேற்படிகளை அவரே அடித்திருந்தார். மீதியை விட்டுக்கொடுக்கவில்லை.

புறணி என்று அவர் சொன்னது சும்மா இல்லை. ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் ஒரு சொல் பேசாதவர் ஏட்டம்மா. வேலையிலும் அப்படித்தான். அதிகாரியைப் பற்றி ஏதாவது தோன்றினால் அதிகாரியிடமே போய்ச் சொல்வாராம். அதனால்தான் ஏட்டு பதவியோடு நின்றுபோனேன் என்று சிரிப்பார். அந்தப் பழக்கத்தைப் புத்தகத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். யாரைப் பற்றி எழுதியிருக்கிறாரோ அவர் வீட்டுக்குப் போய், முகத்தைப் பார்த்து, எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டுவார். ‘இப்படியே போடட்டுமா?’ என்று கேட்பார். சரி என்றால் அந்தத் தாள் என்னிடம் வரும். வேண்டாம் என்றால் அங்கேயே கிழித்துவிட்டு வருவார். அப்படிக் கிழித்தவற்றில் நல்ல கதைகள் எல்லாம் போயின. எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு வருத்தமே இல்லை.

சில இடங்களுக்கு நானும் கூடப் போனேன். ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தான் விற்கிற பெண் ஒருத்தி. அவள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது ஏட்டம்மா எதிரே குந்தி உட்கார்ந்து வாசித்தார்.

“பைக்கு அடியில அழுகல வச்சேன்னு எழுதினா என் யாவாரம் என்னத்துக்கு ஆவும் ஏட்டம்மா?”

“வச்சியா, இல்லியா?”

“வச்சேன்.”

“எழுதட்டுமா?”

“எழுதித் தொலை. ஆனா எம் மருமவ வாசிக்கையில நீ பக்கத்துல இருக்கப்பிடாது. ரெண்டு பேரும் சேந்து சிரிப்பிய.”

இன்னொரு நாள் வடகரைக்குப் போனோம். ஏட்டம்மாவுக்கு ஒரு காலத்தில் அதிகாரியாக இருந்த இன்ஸ்பெக்டர், ஓய்வுபெற்ற பிறகு அங்கே தென்னந்தோப்போடு இருக்கிறார். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஏட்டம்மா வாசித்தது சடை விஷயம்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அருவியில் யார் வழுக்கினாலும் ஏட்டம்மா கையைப் பிடிக்க மாட்டார். சடையைப் பிடிப்பார். குளிக்க வருகிற பெண்கள் கொண்டை போட்டிருந்தால், ‘ஏட்டி, அவுத்து விடுட்டி!’ என்று விரட்டுவார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பது இங்கே வழக்கம். எண்ணெய்க் கையில் தண்ணீரும் சேர்ந்தால் பிடி நிற்காது. சடை நிற்கும். வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு இது தெரியவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்து அவமானப்படுத்திவிட்டதாகப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரித்தவர் இந்த இன்ஸ்பெக்டர்.

‘ஏம்மா, கையப் பிடிச்சு இழுத்தா என்ன?’ என்று அவர் கேட்டிருக்கிறார். ‘ஐயா, சட்டைக் கையக் கொஞ்சம் சுருட்டுதியளா?’ என்று கேட்டு, பையிலிருந்த நல்லெண்ணெயை அவர் கையில் தேய்த்து, ஒரு குவளைத் தண்ணீரையும் ஊற்றி, ‘இப்ப நான் பிடிக்கேன், நீங்க உருவுங்க’ என்றிருக்கிறார் ஏட்டம்மா. இன்ஸ்பெக்டர் பலமாக உருவினார். உருவிய வேகத்தில் பின்னால் போய் பீரோவில் மோதினார். புகார் அதோடு முடிந்தது.

வாசித்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் சரிதான். பீரோவுல மோதுனேன்னு மட்டும் போடாத. சொவத்துல மோதுனேன்னு போடு.”

“ஏன் ஐயா?”

“சர்க்கார் பீரோ. நெளிஞ்சு போச்சுல்லா? எப்படி நெளிஞ்சதுன்னு கேட்டாங்க. எடம் மாத்தும்போது நெளிஞ்சதுன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன்.”

“அப்ப இத முழுசாத் தூக்கிரட்டுமா?”

அவர் தென்னை மரங்களைப் பார்த்தார். “இருக்கட்டும் போ. இனிமே எவன் அந்தப் பீரோவத் தேடப் போறான்?”

திரும்பி வரும்போது ஏட்டம்மா பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். அவருக்கு எல்லாம் இப்படியே முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஐந்தருவி அத்தியாயத்தை அவர் கடைசியில்தான் எடுத்தார். ஒரு மதியம் அச்சகத்தில் வைத்து எனக்கு வாசித்தார். அதில் நானும் வருகிறேனே. ‘மேற்படி சிறுமியின் தகப்பனார் ஒரு பையுடன் கம்பிக்கு அப்பால் நின்று சத்தம் போட்டார்.’

மற்றது எனக்கும் என் மனைவிக்கும் தெரிந்ததுதான். அன்று சாயங்காலமே தெரியும். தண்ணீர் வந்தபோது பாறை ஓரத்தில் இரண்டு சிறுமிகள் நின்றார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருத்தி சிவகிரியிலிருந்து பெற்றோரோடு வந்தவள். அதே வயதுதான். அதற்குக் கொஞ்ச நாளைக்கு முன் பெரிய காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். பிழைத்ததற்காக அவள் அம்மா நேர்ந்துகொண்டபடி குலதெய்வத்துக்கு முடி இறக்கியிருந்தார்கள். ஏட்டம்மா ஒரு கையால் என் மகளின் சடையைப் பிடித்தார். இன்னொருத்திக்குப் பிடிக்கச் சடை இல்லை. கையைப் பிடித்தார். எண்ணெய் தேய்த்த கை. முழங்கையில் பிடித்தது மணிக்கட்டுக்கு வந்தது, மணிக்கட்டிலிருந்து விரலுக்கு வந்தது.

‘முடி இருந்திருந்தால் இருவரும் கரையேறியிருப்பார்கள்’ என்று எழுதியிருந்தார்.

என் மகளுக்கு இதை நாங்கள் சொல்லவே இல்லை. அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் சடை இழுபட்டது மட்டும்தான். பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லுவாள். ஒரு போலீஸ் அம்மா என்னை மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்தாள் என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அவள் முடியைக் குறைக்க வேண்டும் என்று சொன்னபோதெல்லாம் நான் வேறு ஆளாகிவிடுவேன். காரணம் சொல்ல மாட்டேன். கூடாது என்பேன். அப்பா பழைய ஆள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் காதுவரை வெட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அவள் போகும்வரை நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அந்தத் தலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கேட்டது தண்ணீர்ச் சத்தம்.

“ஏட்டம்மா, இந்த முடி விஷயத்த மட்டும் விட்டுருவோமே,” என்றேன்.

“விட்டா வாசிக்க எப்படி இருக்கும், யோசிச்சியளா? ஒரு கையில ஒம்ம மக. ஒரு கையில அந்தப் பிள்ள. ஒண்ணு வந்துட்டு, ஒண்ணு போயிட்டு. வாசிக்கவன் என்ன நெனைப்பான்? நான் பொறுக்கிப் பிடிச்சேன்னு நெனைப்பான்.”

“அப்ப அந்த அத்தியாயமே வேண்டாம்.”

“அந்த ஒரு நாள விட்டுட்டு, நான் வேலை பாத்தேன்னு வேற எதத் தம்பி எழுத?”

அவர் தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“முதல்ல ஒம்ம மக. பொறவு சிவகிரி. ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் அச்சு.”

அதற்கு முன்பே அவர் தனியாகச் சிவகிரிக்குப் போயிருக்கிறார் என்பதை அன்றுதான் சொன்னார். பல தடவை. பேருந்து நிலையத்தில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவாராம்.

“மூஞ்சிக்கு நேர பேசுதவன்னு எனக்குப் பேரு. அன்னைக்கு அந்தப் பிள்ளையோட அம்மைகிட்ட தண்ணி அடிச்சிட்டுப் போயிட்டும்மான்னு மட்டுந்தான் சொன்னேன். எங் கையில இருந்தான்னு சொல்லல.”

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரை அப்படி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சித்திரை விடுமுறைக்கு மகள் வந்தாள். ஏட்டம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, அவளை எதிரே உட்காரவைத்து வாசித்தார். நான் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரோரம் நின்றாள். வாசித்து முடிந்ததும் மகள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“என் பக்கத்துல ஒரு மொட்டை நின்னுச்சு. நான் பையன்னு நெனச்சு, நீ ஏன் லேடீஸ் சைடு வந்தேன்னு கேட்டேன். சிரிச்சுச்சு. அவளா?”

“அவதாம்மா.”

மகள் என் பக்கம் திரும்பினாள்.

“இதுக்குத்தான் முடி முடின்னு உயிர வாங்குனியாப்பா?”

நான் தலையை ஆட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்து என் சட்டைப் பையில் கோணலாக நின்ற பேனாவை எடுத்து நேராகச் செருகினாள். எங்கள் வீட்டில் சண்டை முடிந்தது என்பதற்கு அவ்வளவுதான் அடையாளம்.

“நீங்க போடுங்கம்மா,” என்றாள் ஏட்டம்மாவிடம். “சிவகிரிக்கு எப்பப் போறீங்க? நானும் வாரேன்.”

“நீ எதுக்கு?” என்றேன் பதறிப்போய்.

“அந்தக் கதையில பாதி நானில்லையா?”

அன்று நான் எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை. என் பயம் ஒன்றுதான். அந்த அம்மாள் முன்னால் என் மகள் போய் நின்றால், அந்த அம்மாள் என்ன பார்ப்பார்? தன் பிள்ளை இன்று இருந்தால் இவ்வளவு உயரம் இருப்பாள் என்று பார்ப்பார். உன்னை மட்டும் எப்படிப் பிடித்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அதை என் மகள் ஆயுசுக்கும் சுமக்க வேண்டுமே. ஏட்டம்மாவிடம் தனியாகச் சொன்னேன். “நானுந்தான் பயந்துகிட்டு இருக்கேன்,” என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

வாடகைக்குக் கார் எடுத்து நானே ஓட்டினேன். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் தாண்டிச் சிவகிரி வந்தோம். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மகன் ராணுவத்தில் இருக்கிற வீடு என்று ஏட்டம்மா விசாரித்து வைத்திருந்தார்; அதைச் சொன்னதும் ஒரு கடைக்காரர் வழி காட்டினார். நான் காரை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். அங்கிருந்து வாசல் நன்றாகத் தெரிந்தது.

கதவைத் திறந்த அம்மாள் ஏட்டம்மாவை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“அருவியில நின்ன அம்மாதான? உள்ள வாங்க.”

ஏட்டம்மா உள்ளே போகவில்லை. வந்த காரியத்தை நிலைக்கு வெளியே நின்றபடியே சொன்னார். என் மகளை இன்னாரென்று சொன்னார். பிறகு தாளை எடுத்தார். காற்றில் தாள் படபடத்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. என் மகள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வாசிப்பு எனக்குக் கேட்கவில்லை. ஆனால் எந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்பது அந்த அம்மாளின் முகத்தில் தெரிந்தது. அவர் பார்வை ஏட்டம்மாவிடமிருந்து நகர்ந்து என் மகளின் தலையில் போய் நின்றது. வெட்டிய முடியில். முந்தானையைப் பிடித்திருந்த வலது கை கொஞ்சம் மேலே எழும்பி, அப்படியே நின்று, இறங்கியது.

“போதும்,” என்றார். அது எனக்குக் கேட்டது. “போயிட்டு வாங்க.”

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

திரும்பும்போது புளியங்குடியில் காரை நிறுத்தச் சொன்னார் ஏட்டம்மா. இறங்கிப் போய் எலுமிச்சம்பழம் வாங்கினார். ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, கடைக்காரரோடு வம்பு வளர்த்து, நிதானமாக வாங்கினார். காரில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்.

“போதும்னுட்டா. இனி அத அடிக்கக் கூடாது.”

“அப்ப மத்ததப் பைண்டிங்குக்குக் குடுத்துருவோம் ஏட்டம்மா.”

“அது இல்லாமலும் வேண்டாம்.”

“அந்தம்மா கிழிக்கச் சொல்லலியே,” என்றாள் பின்னாலிருந்து மகள்.

ஏட்டம்மா வழக்கமாகச் செய்வதுபோல அந்தத் தாள்களைக் கிழிக்கவில்லை.

அச்சுத் தொழிலில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஐந்தருவி அத்தியாயம் கிட்டத்தட்ட ஒரு ஃபாரம் வந்தது. அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அச்சாகி, மடித்து, கட்டுக்கட்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தது. அட்டைகூட அடித்தாகிவிட்டது. மகள் கோயம்புத்தூர் போய்விட்டாள். வைகாசி போயிற்று. சாரல் தொடங்கியதும் காற்றில் ஈரம் ஏறித் தாளின் ஓரங்கள் நெளியத் தொடங்கின. நான் கட்டுகளுக்குமேல் பிளாஸ்டிக் விரித்துச் செங்கல் வைத்தேன்.

ஏட்டம்மா மட்டும் அன்றாடம் வந்தார். இலஞ்சியிலிருந்து மினி பஸ்ஸில் வந்து இறங்கி, சந்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்து வருவார். அந்த வருடம் அவருக்கு இருதயம் சரியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டுகளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் மாப்பிள்ளை என்ன வேலை என்று விசாரிப்பார். புத்தகத்தைப் பற்றி நான் பேச்செடுத்தால் வேறு பக்கம் பார்ப்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “ஏட்டம்மா, ஒங்க உடம்பு இருக்க இருப்புல இத இப்படிப் போட்டு வைக்கலாமா? ஊரு பேரு எதுவும் இல்ல. யாருக்குத் தெரியப் போவுது?”

“அவளுக்குத் தெரியும்லா,” என்றார்.

“அந்தம்மா வாசிக்கவா போறாவ?”

“தம்பி, அவ வாசிக்காம இருக்கலாம். ஆனா எங்கனயோ ஒரு வீட்டுல எவனோ ஒருத்தன் வாசிச்சிட்டு, ஐயோ அந்த அம்மைதான முடி எடுத்தான்னு சொல்லுவான். அவ இல்லாத எடத்துல. அதுக்கு நானா எடுத்துக் குடுக்க?”

அதன்பின் நான் கேட்கவில்லை. அவர் போனபின் அந்தக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷியின் வேலைக்காலம் முழுக்க அங்கே மடித்து வைத்திருக்கிறது, நடுவில் ஒரு நாள் மட்டும் இல்லாமல். இந்த அம்மாள் இதைப் புத்தகமாகப் பார்க்காமலேயே போய்விடுவார் என்று நான் உறுதியாக நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஆனியில் ஒரு முற்பகல். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஏட்டம்மா வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த ஒரு பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகையின் மெய்ப்பில் மாமன்மார் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ குடையை உதறினார்கள். நிமிர்ந்தேன்.

சிவகிரி அம்மாள். தனியாக வந்திருந்தார். பேருந்தில் வந்திருக்க வேண்டும், சேலையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. கையில் எங்கள் அச்சகத்தின் முகவரி அட்டை. அன்று திரும்பும்போது என் மகள்தான் அதை அந்த வாசல் ஜன்னலில் செருகிவிட்டு வந்திருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை.

ஏட்டம்மா எழுந்தார். வேகமாக எழுந்ததில் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“இருங்க, எந்திக்காதிய,” என்றார் அந்த அம்மாள். நான் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, ஈரக் குடையைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டார். மூச்சுவிட்டார். சுவரோரக் கட்டுகளைப் பார்த்தார்.

“அன்னைக்குப் பாதியில போதும்னுட்டேன். மிச்சத்த வாசிங்க.”

ரெக்சின் பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தார் ஏட்டம்மா. எங்கே நின்றதோ அந்த இடத்திலிருந்து தொடங்கினார். முடி இருந்திருந்தால் என்ற வரியை மறுபடி வாசித்தார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் நிமிர்ந்து எதிரே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார். விரல்கள் நழுவியது. தண்ணீரில் கொஞ்ச தூரம் தலை தெரிந்தது. அப்புறம் தெரியாமல் போனது. அன்றைக்குத் தான் பாதியைத்தான் சொன்னது. அதற்குமேல் எழுதியிருந்தது கொஞ்சம்தான். முடித்துவிட்டுத் தாள்களை மடியில் கவிழ்த்தார்.

“எங் கையிலதான் இருந்தா. உங்ககிட்ட நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்,” என்றார். “வேண்டாம்னா இங்கனயே கிழிச்சிருதேன்.”

நான் மின்விசிறியை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. சாரல் தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது.

அந்த அம்மாள் தன் வலது கையை விரித்து, உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“மொட்டை, மொட்டைன்னே எழுதியிருக்கிய. முடி மொளைக்க ஆரம்பிச்சிருந்துச்சுக்கா. தடவினா கையில குத்தும். அதையும் எழுதிக்கிடுங்க.”